பைக்குள் கை

முதலாளி வர இன்னும் முக்கால் மணித்தியாலமாவது ஆகும் என்று றெஜினா சொல்லிவிட்டுத் தன் மேசைக்குத் திரும்பியபோது அந்த யாழ்ப்பாணத்து நண்டுத் தொழிற்சாலையின் சுவர்க்கடிகாரத்தில் மணி மூன்றே கால், அப்படியென்றால் நோர்வேயில் பத்தே முக்கால், அங்கே பன்னிரண்டாகும்போது இங்கே நாலரை, அந்த நாலரைக்கு முன்னால் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பவேண்டும், திரும்பி வருகிறேன் அல்லது வரவில்லை, மூன்றாவதாக ஒன்று கிடையாது. ஒரு வருடச் சம்பளமில்லா லீவு இன்றோடு முடிகிறது, நண்பகலுக்குள் பதில் வராவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுப்போம் என்று, நளாயினி அங்கே வேலை செய்த மீன் தொழிற்சாலையின் நிர்வாகி ஹெல்கே மரியாதையாகவே எழுதியிருந்தான். நளாயினி பிளாஸ்டிக் கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். நாற்பத்தெட்டு வயதில், இருபத்தாறு வருடம் ஒரே தொழிலைச் செய்த பிறகு, அங்கேயும் இங்கேயும் இரண்டு இடத்தில் வேலைக்குக் கேட்கிறார்கள் என்றால் அது கெட்ட நிலைமை இல்லை, அதை அவள் தனக்குத்தானே காலையிலிருந்து நாலைந்து தடவை சொல்லியாயிற்று. மடியில் கைப்பை, கைப்பைக்குள் சாம்பல் நிறக் கம்பளியில் தைத்த சின்னப் பை, சின்னப் பைக்குள் அவளுடைய வலது கை. கைக்குட்டை தேடுகிறாள் என்று றெஜினா நினைத்திருப்பாள். உள்ளே கலைமான் கொம்பில் அறுத்த இருபத்துநாலு துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு புளியங்கொட்டையிலும் சற்றுப் பெரிது, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து கீறியிருக்கும், ரூன் என்பார்கள், அந்த நாட்டவர்களின் ஆயிரம் வருடத்துக்கு முந்திய எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள், மாடு, ஆலங்கட்டி, பயணம், அறுவடை, பனிக்கட்டி. கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு பார்க்காமல் ஒன்றை எடுக்கவேண்டும், வந்தது பதில். தொழில் விஷயத்துக்கு மட்டும்தான் அவள் கேட்பாள். கலியாணத்துக்குக் கேட்டதில்லை, அதற்குச் சாத்திரியார் இருந்தார், பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று அவர் எழுதிக்கொடுத்த கலியாணம் ஒன்பதாவது வருடம் கோர்ட்டில் முடிந்தது, ஆகவே யாருடைய சாத்திரம் மேல் என்று அவளிடம் யாரும் வாதாட வரமுடியாது. மகள் ஆரணிக்கு மட்டும் இது பகிடி. காலையில் ட்ரொண்ட்ஹைமிலிருந்து செய்தி அனுப்பியிருந்தாள், அம்மா, எலும்பு என்ன சொன்னது என்று, பக்கத்தில் ஒரு மண்டையோட்டுப் படம்.

எலும்பு பனிக்கட்டி என்று சொன்னது. காலையில் தம்பி வீட்டில் குளித்து முடித்து, தலை துவட்டாமலே, கட்டில் விளிம்பில் இருந்து எடுத்தாள், நீளவாக்கில் ஒரேயொரு கோடு, பனிக்கட்டி, அசையாதே, நின்ற இடத்தில் நில். சரி, நிற்கிறேன், ஆனால் எந்த இடத்தில்? அங்கே இருக்கிற வேலையை விடாதே என்றா, இங்கே வந்த இடத்திலேயே நில் என்றா? இத்தனை வருடத்தில் ரூன் இப்படி வழுக்கினதில்லை. அதனால்தான் பையையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள், ஒரு கேள்விக்கு ஒரு தரம்தான் கேட்கலாம் என்று அவளே வைத்துக்கொண்ட விதி, ஆனால் கேள்வியைத் திருத்திக் கேட்கலாமே, அப்பீல் மாதிரி. எதிரே சுவரில் பாதி கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீளமான எவர்சில்வர் மேசைகள், வெள்ளைத் தொப்பியும் ரப்பர் சப்பாத்துமாக நாற்பது பெண்கள், அவித்த நண்டை உடைத்துச் சதை எடுத்து, எடுத்த சதையை விரலால் நெருடி நெருடி ஓட்டுத்துகள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். குளோரின் மணமும் நண்டு அவிந்த இனிப்பு மணமும் கதவிடுக்கால் வருகிறது. மூன்றாவது மேசைக்கு வெளிச்சம் பிழையான பக்கத்திலிருந்து விழுகிறது, அந்தப் பிள்ளைகள் தங்கள் கையின் நிழலுக்குள்ளேயே தேடுகிறார்கள். கடைசியில் இருக்கிற மெல்லிய பெண் நண்டுக்காலை அகன்ற பக்கத்தால் உடைக்கிறாள், அப்படி உடைத்தால் துகள் உள்ளேதான் போகும். தட்டு நிறைந்த பிறகு மாற்றுகிறார்கள், பாதியில் மாற்றவேண்டும். நளாயினியின் இடது கை மடியில் தானாக அசைந்தது. அங்கே, அந்த வடமுனைத் துறைமுகத்தில், ஜன்னலில் இரண்டு மாதம் சூரியனே தட்டாத மண்டபத்தில், அவளும் இப்படித்தான் நின்றாள், நண்டுக்குப் பதில் கொட் மீன். வெட்டிய மீன் துண்டு இயந்திர ரப்பர் பட்டியில் ஓடிவரும், முள் எடுக்கிற இயந்திரம் விட்டுவிட்ட முள்ளை விரல் கண்டுபிடிக்கவேண்டும், தலைமயிர் அளவு முள், ஒரு துண்டுக்கு நாலு செக்கன். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஆறாம் மாதம் கையுறைக்கு மேலாகவே தெரிந்தது. பிறகு கண் தேவைப்படவில்லை, பக்கத்தில் நிற்கிறவளோடு கதைத்துக்கொண்டே கை தன்பாட்டுக்கு எடுத்துப் போடும்.

பக்கத்தில் நின்றவள் குன்வோர். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு, இடைவேளைக்கு இடைவேளை சிகரெட். கொம்பை அறுத்து, மீன் வெட்டுகிற கத்தியாலேயே கீறி, இந்தப் பையைச் செய்தவள் அவள்தான், நளாயினி வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருடம் ஒரு கோப்பி நேரத்தில் மேசையில் வைத்து, உனக்கு, என்றாள். மூன்று தரம் கிளறு, கையில் ஒட்டுவதை எடு, வேறு விதி கிடையாது. அன்றைக்கு முதல் கேள்வி, தரப் பரிசோதனைப் பிரிவுக்குப் பயிற்சி எடுக்கப் போகவா? அறுவடை வந்தது, போனாள், இரண்டு வருடத்தில் சான்றிதழ், அதற்குப் பிறகு அணித்தலைவி, வெள்ளைத் தொப்பி போய் நீலத் தொப்பி. குன்வோர் தன் கேள்விக்கும் எடுத்தாள், பயணம் வந்தது என்று வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஓட்டப் போனாள், ஐம்பத்திரண்டு வயதில். பிறகு அவளுடைய பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுக்க விடமாட்டாள். இதெல்லாம் நன்றாகவே நடந்தது. ஒன்றைத் தவிர. பேர்கனில் தலைமை அலுவலகம், முழுக் கரைக்கும் தரப் பொறுப்பாளர், எட்டுத் தொழிற்சாலை, நளாயினியைத்தான் கேட்டார்கள், ஆரணிக்கு அப்போது எட்டு வயது. பனிக்கட்டி வந்தது. வேண்டாம் என்றாள். அவள் பழக்கிவிட்ட மரியான் அந்த வேலைக்குப் போய் இப்போது இயக்குநர் சபையில் இருக்கிறாள், கிறிஸ்மஸுக்குக் கார்ட் அனுப்புகிறாள். அந்தக் கார்ட்டைப் பார்க்கிறபோதெல்லாம் நளாயினி சொல்வது ஒன்றுதான், எனக்குப் பனிக்கட்டி வந்தது, நான் என்ன செய்ய? அது ஒரு ஆறுதல். கோபம் வந்தால் கொம்புத் துண்டோடு கோபித்துக்கொள்ளலாம். அந்த ஆறுதலோடு பதினாலு வருடம் போய்விட்டது.

"அன்ரி, தேத்தண்ணி." றெஜினா கோப்பையை நீட்டியபோது கையை வெளியே எடுக்கவேண்டியிருந்தது, கையோடு பையும் வந்தது. "உதென்ன அன்ரி, பக்குவமா வச்சிருக்கிறியள், நகையோ?" இருபத்தைந்து வயதிருக்கும், முகத்தில் கூச்சமில்லாத ஆவல். நளாயினிக்கு ஒளிக்கத் தோன்றவில்லை, சொன்னாள், இன்ன இன்ன மாதிரி, கேள்வி கேட்டு ஒன்று எடுக்கிறது. "ஓ, கோயிலில பூக்கட்டிப் பாக்கிற மாதிரி! வெள்ளைப் பூ வந்தா ஓம், சிவப்பு வந்தா இல்லை." ஏறக்குறைய அதுதான், என்றாள் நளாயினி, இங்கே இருபத்துநாலு பூ. "எனக்கு ஒருக்கா எடுக்கலாமோ? கணக்காளர் சோதினை திரும்ப எழுதவோ விடவோ எண்டு?" எடு என்று பையை நீட்டினாள். றெஜினா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உள்ளே கை விட்டு, கிளறி, உதட்டைப் பிதுக்கினாள். "எல்லாம் ஒரே மாதிரித்தானே கிடக்கு. எதை எண்டு எடுக்கிறது?" அப்போது உள்கதவு திறந்து தண்ணீர் குடிக்க ஒருத்தி வந்தாள், ஐம்பத்தைந்து வயது, தொப்பியைக் காதுக்கு மேலே தள்ளிவிட்டு, ரப்பர் சப்பாத்து சதக் சதக் என்று. "எடியே றெஜினா, ஐயா இல்லையெண்டாச் சூதாட்டமோ?" லூர்தம்மாக்கா, பன்னிரண்டு வருசமா நண்டுத் தொழில், ஓடு பிடிக்கிறதில இவதான் முதலாமாள், என்று றெஜினா அறிமுகம் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் லூர்தம்மா இடுப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தாள். "என்ர மருமோனுக்கு ஒருக்காப் பாரும் தங்கச்சி, கனடாவுக்குப் போவானோ எண்டு." தொழில் விஷயம் மட்டும்தான் கேட்கலாம், என்றாள் நளாயினி. "அவனுக்கு அதுதானே இல்லை!" மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே லூர்தம்மா கையை விட்டாள், முகத்தைக் கூரைப் பக்கம் வைத்துக்கொண்டு, விட்டவள் சிரிப்பை நிறுத்தினாள். "உதென்ன இது. ஒவ்வொண்டிலயும் ஒவ்வொரு மாதிரிக் கீறிக் கிடக்கு. இது ஒத்தைக் கோடு. இது ரெண்டு கொக்கி, ஒண்டை ஒண்டு பாத்தபடி. இதுக்குக் கொம்பு மாதிரி ரெண்டு கிளை." வெளியே எடுக்கவே இல்லை, உள்ளே வைத்தே சொன்னாள், ஒன்றும் பிழையில்லை. "பாக்காமல் எடுக்கிறதெண்டு சொன்னீர்? உது கள்ள விளையாட்டு, தங்கச்சி. உங்களைப்போல ஒபிஸ் ஆக்களுக்கெண்டாச் சரி. எங்கட விரலுக்கு ஏது இருட்டு?" சுவரில் பல்லி சொன்னது. "பாத்தியளோ, அதுவும் ஓமெண்டுது," என்று றெஜினா மேசையில் சுண்டினாள். லூர்தம்மா இரண்டு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். றெஜினாவுக்குத் தொலைபேசி அடித்தது.

உங்களைப்போல ஒபிஸ் ஆக்கள். நளாயினி தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டுப் பையை மடியில் எடுத்து வைத்தாள், மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் கிர் என்றது. பிறகு ஒரு பரிசோதனை செய்தாள், தொழிலில் எப்படிச் செய்வாளோ அப்படி. கையை உள்ளே விட்டாள், பயணம் என்று மனதுக்குள் சொன்னாள், நிமிர்ந்த கோட்டில் கூரான ஒரு வயிறும் ஒரு காலும், எடுத்தாள், பயணம். திரும்பப் போட்டுக் கிளறினாள், அறுவடை, எடுத்தாள், அறுவடை. மாடு, மாடு. ஆலங்கட்டி, ஆலங்கட்டி. ஏழு தரம், ஏழும் சரி, ஒவ்வொன்றுக்கும் மூன்று செக்கனுக்கு மேல் ஆகவில்லை. காது சூடானது. தரப் பரிசோதகி, கையுறைக்கு மேலாகத் தலைமயிர் அளவு முள்ளைக் கண்டுபிடிக்கிறவள், ஒரு மில்லிமீற்றர் ஆழத்துக்குக் கத்தியால் கீறிய எழுத்து இருபத்திரண்டு வருடமாகத் தெரியாமல் இருந்ததா? தெரியாமல் இல்லை. கேட்டதில்லை, அவ்வளவுதான். கையில் ஒட்டுவதை எடு என்றாள் குன்வோர். ஒட்டுவது என்றால் என்ன, விரல் ஒன்றின்மேல் நிற்கும், இதுதான் இது என்று ஒரு தெளிவு வரும், அந்தத் தெளிவை அவள் பக்தியோடு மேலேயிருந்து வந்தது என்று எண்ணிக்கொண்டாள், அது முள் அகப்பட்டபோது வருகிற அதே தெளிவு. குன்வோருக்குத் தெரியுமா? முப்பது வருடம் பட்டியில் நின்ற கை அவளுடையது, கீறியதும் அவள். தெரிந்தே பஸ் ஓட்டப் போயிருப்பாளா? கேட்டால் சிரிப்பாள், சிகரெட் பற்றவைப்பாள். அது கிடக்கட்டும். பேர்கன். அதைப் பார்க்கத்தான் வேண்டும், பார்க்காமல் இருக்க முடியாது, அந்தப் பனிக்கட்டியை எடுத்தது யார்? ஒத்தைக் கோடு, பையிலேயே எளிதான எழுத்து, கை விட்டவுடன் தட்டுப்படும். அதற்கு இரண்டு கிழமை முன்னால் பேர்கனில் ஒரு கூட்டம், பன்னிரண்டு பேர், அவள் எழுந்து ஒரு விஷயம் சொன்னாள், உறைய வைக்கிற நேரத்தைப் பற்றி, நல்ல விஷயம். மேசையின் தலைப்பில் இருந்தவர் என்ன என்றார். திருப்பிச் சொன்னாள். என்ன? மூன்றாம் தரமும் சொன்னாள், வடக்குத் துறைமுகத்து நோர்வீஜியன் அவளுடையது, மீனவர் பாஷை, அதன்மேல் யாழ்ப்பாணத்து நாக்கு. பக்கத்திலிருந்த மரியான் அதே வசனத்தை அப்படியே சொன்னாள், எல்லோரும் தலையாட்டினார்கள், நல்ல யோசனை மரியான். அன்றைக்கு முழுக்க நளாயினிக்குக் கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது. சின்ன விஷயம், யாரும் கெட்டவர்களில்லை, மரியான்கூட உதவிக்குத்தான் சொன்னாள். ஆனால் எட்டுத் தொழிற்சாலை, கிழமைக்கு இரண்டு கூட்டம், ஒவ்வொரு கூட்டத்திலும் என்ன, என்ன, என்ன? கை பைக்குள் போனது, ஒத்தைக் கோட்டைத் தேடி எடுத்தது. பிள்ளை சின்னன் என்று எல்லோருக்கும் சொன்னாள், பனிக்கட்டி வந்தது என்று தனக்குச் சொன்னாள். இன்று காலையும் அதுவேதான். விரல் முதலில் பயணத்தின்மேல் போனது, அதன் கூர் வயிற்றைத் தடவியது, விட்டது. அறுவடையின் இரண்டு கொக்கியையும் தடவியது, அதில் கொஞ்சம் கூட நேரம் நின்றது, இப்போது நினைத்தால் நினைவுக்கு வருகிறது, விட்டது. விட்டுவிட்டுப் போய் ஒத்தைக் கோட்டை எடுத்தது. பயந்த கை எடுக்கிற எழுத்து அது. நில், பொறு, இன்னொரு நாள் பார்க்கலாம்.

சிரிப்பு வந்தது. வெட்கமும் வந்தது, ஆனால் சிரிப்புத்தான் பெரிது, எதிரே யாரும் இல்லாதது நல்லதாயிற்று. ஏனென்றால் இதன் மறுபக்கமும் உண்டு, பயிற்சிக்குப் போனதும் இதே கைதான், அணித்தலைவியானதும் இதே கைதான், ஒரு வருட லீவு போடு, ஊருக்குப் போய்ப் பார் என்று போன மாசியில் பயணத்தை எடுத்ததும் இதே கைதான். ஒரு பயந்த நேரத்தைத் தவிர மற்றெல்லா நேரமும் அந்தக் கை நல்லாகத்தான் யோசித்திருக்கிறது, பாவம், பேர்கூடக் கேட்காமல் வேலை செய்திருக்கிறது. அப்போ இப்போது? இப்போது கையை உள்ளே விட்டுப் பிரயோசனமில்லை, அகப்பட்டுப்போயிற்று. இரண்டையும் எதிரே வைத்துக் கண் திறந்து பார்க்கவேண்டும். அங்கே நீலத் தொப்பி, இன்னும் பதினேழு வருடம், பென்ஷன், ஜன்னலில் வடதுருவத்துப் பச்சை ஒளி ஆடுகிற இரவுகள், அவளை நன்றாகத் தெரிந்த ஐம்பது பேர், ஆரணியிடம் போக விமானத்தில் இரண்டு மணித்தியாலம். பிள்ளைக்கு இருபத்திரண்டு, அவளே வருடத்துக்கு ஒரு தரம்தான் எட்டிப் பார்க்கிறாள், இங்கே வந்தால் ஒரு மாதம் நிற்பேன் என்கிறாள். இங்கே ஒரு நண்டுத் தொழிற்சாலை, கட்டி ஆறு வருடமே ஆன கட்டடம், நாற்பது பெண்கள், சாமான் வாங்குகிற ஜப்பான்காரன் சதைக்குள் ஓட்டுத்துகள் என்று போன வருடம் இரண்டு தரம் திருப்பி அனுப்பியிருக்கிறான், மூன்றாம் தரமும் அனுப்பினால் பூட்டவேண்டியதுதான் என்று, தரம் பார்க்க அவளைக் கூப்பிட்டபோதே முதலாளி தொலைபேசியில் ஒளிக்காமல் சொன்னார். பூட்டினால் நாற்பத்தெட்டு வயதில் தெருவில் நிற்பாள், எந்தக் கொம்புத் துண்டையும் திட்ட முடியாது. பயம் வந்தது, அதை அவள் அடையாளம் கண்டாள், ஓ, நீதானா ஒத்தைக் கோடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெல்லிய பெண் மறுபடியும் காலை அகன்ற பக்கத்தால் உடைத்தாள். அப்படியில்லை பிள்ளை, மற்றப் பக்கம், என்று நளாயினி வாய்விட்டே சொன்னாள், றெஜினா நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, கதிரையில் உட்கார்ந்த நேரத்திலிருந்து அவள் இங்கே காத்திருக்கவில்லை, வேலை செய்துகொண்டிருக்கிறாள். மனதுக்குள் மூன்றாம் மேசையின் விளக்கை மாற்றியாயிற்று, தட்டைப் பாதியில் மாற்றியாயிற்று, லூர்தம்மாவைக் கடைசிப் பரிசோதனையில் இருத்தியாயிற்று.

தொலைபேசியை எடுத்தாள். மணி நாலு பத்து. நோர்வீஜியனில் மூன்று வசனம், நான் திரும்பி வரவில்லை, இருபத்தாறு வருடத்துக்கு நன்றி, என்னுடைய அலுமாரிச் சாவியை யாரிடமாவது அனுப்பிவைக்கிறேன். பிழையிருக்கிறதா என்று இரண்டாம் தரம் வாசிக்கவில்லை. அனுப்பினாள். தொலைபேசியைக் கீழே வைக்குமுன்னே டிங் என்று பதில் வந்தது, இவ்வளவு கெதியிலா என்று திறந்து பார்த்தால், ஹெல்கே விடுமுறையில் இருக்கிறான், உங்கள் கடிதத்தைத் திங்கட்கிழமை பார்ப்பான், நல்ல வார இறுதியாக அமையட்டும், அது இயந்திரம் தானாக அனுப்புகிற பதில். நாலரை, நாலரை என்று காலையிலிருந்து அவள் கட்டிச் சுமந்த நாலரையை அங்கே வாங்கிக்கொள்ள ஆளே இல்லை. திங்கள் வரைக்கும் திறந்த கதவு. இன்னொரு கடிதம் போடலாம், முதல் கடிதத்தை மறந்துவிடு என்று, ஹெல்கே நல்ல பிள்ளை, மறந்துவிடுவான். மூன்று நாள் இருக்கிறது, மூன்று நாளில் எவ்வளவோ யோசிக்கலாம், தம்பியிடம் கேட்கலாம், ஆரணியிடம் கேட்கலாம். அவள் அந்தக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தொலைபேசியை நிறுத்திக் கைப்பையின் அடியில் போட்டு, ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தாள், சீனி எல்லாம் அடியில் இருந்தது.

முதலாளி பஸ்தியாம்பிள்ளை சாரத்தை மடித்துக் கட்டியபடியே வந்தார், அறுபத்தைந்து வயதுக்குத் திடமான ஆள், முழங்காலுக்குக் கீழே உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது. "பிள்ளை, குறை நினையாதையுங்கோ, காத்து மாறி வள்ளம் பிந்திப்போச்சு. இருங்கோ, எழும்பாதையுங்கோ." எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்கள் அவசரப்பட்டு ஒண்டும் சொல்லவேண்டாம். பெரிய இடத்தில வேலை செய்தனீங்கள். நல்லா யோசிச்சு, திங்கள் போலச் சொன்னாலும் காணும்." திங்கள். எல்லோரும் திங்கள் என்கிறார்கள். "யோசிச்சாச்சு அண்ணை. வாறன். நாளைக்கே வாறன்." அவர் முகம் மலர்ந்ததை மறைக்கத் தெரியாதவர், கையைக் கையோடு தேய்த்துக்கொண்டார். "நல்லது, நல்லது. உங்களுக்குப் பெரிய கரைச்சல் ஒண்டும் இல்லை. நீங்கள் உள்ளுக்க நண்டைப் பாத்தாக் காணும். வியாழக்கிழமை ஜப்பான்காரர் வருகினம், நாலு பேர், அவையளோட கூட்டம் அது இது எல்லாம் என்ர மோன் பாத்துக்கொள்ளுவான், அவன் கொழும்பில படிச்சவன், இங்கிலீசில வெட்டி ஆடுவான்." அவர் சொன்னது அன்பாகத்தான். நளாயினியின் கழுத்துக்குப் பின்னால் குளிர் ஒன்று ஏறத் தொடங்கியது, பழைய குளிர், மேசையின் தலைப்பிலிருந்து என்ன என்று கேட்கிற குளிர். அது ஏறி முடியுமட்டும் அவள் காத்திருக்கவில்லை. "உங்கட மோன் பக்கத்தில இருக்கட்டும் அண்ணை. கூட்டத்தில கதைக்கிறது நான்." பஸ்தியாம்பிள்ளை தாடையைச் சொறிந்தார். "பொல்லாத ஆக்கள், பிள்ளை. சொன்னதையே திருப்பித் திருப்பிக் கேப்பினம். என்ன, என்ன எண்டு கரைச்சல் குடுப்பினம்."

"கேக்கட்டும்," என்றாள் நளாயினி. "திருப்பித் திருப்பிச் சொல்லுறன்."